ஸ்வேட் உடையில் எண்ணெய்க் கறையா? சவர்க்காரத்தைத் தொடாதீர்கள்!

கிள்ளான், ஜாலான் தெங்கு கிளானாவில் சூடான வடை ஒன்றை வாங்கிக் கடிக்கிறீர்கள். அக்காவிடம் கெஞ்சி வாங்கி அணிந்து வந்த ஸ்வேட் ஜாக்கெட்டின் மேல் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்துவிடுகிறது. வீட்டுக்கு ஓடி, சவர்க்காரம் போட்டுத் தேய்க்கத்தான் யாருக்கும் தோன்றும். சற்றுப் பொறுங்கள்! அந்த எண்ணெயைவிடச் சவர்க்காரமே ஜாக்கெட்டை அதிகம் கெடுத்துவிடும்.

ஸ்வேட் என்பது என்ன?

ஆடு, மாடு போன்றவற்றின் தோலின் உட்பக்கத்தைத் தேய்த்து, பஞ்சுபோல மென்மையாக்கிய தோல்தான் ஸ்வேட். 'சுவீடன் கையுறை' என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரிலிருந்து இப்பெயர் வந்தது. வழவழப்பான தோல் காலணியில் எண்ணெய் பட்டால் துடைத்துவிடலாம். ஸ்வேட்டில் அப்படி மூடிய மேற்பரப்பு கிடையாது. கொலாஜன் என்னும் புரத இழைகள் மயிர்போல நிமிர்ந்து நிற்கின்றன. குத்துவிளக்குத் திரியில் எண்ணெய் தானாக ஏறுகிறது அல்லவா? அதே நுண்புழை ஏற்றத்தால், இழைகளின் இடைவெளிகளுக்குள் எண்ணெய் இழுக்கப்படுகிறது.

தோலுக்குள் ஏற்கெனவே எண்ணெய் உண்டு

தமிழ்நாட்டின் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. அக்காலத்தில் ஆவாரம்பட்டையைக் கொண்டு தோலைப் பதனிட்டார்கள். இப்போது பெரும்பாலும் குரோமிய உப்புகள் பயன்படுகின்றன. பதனிட்ட பின்னர், தோலுக்குள் வேண்டுமென்றே எண்ணெய் ஏற்றுவார்கள். அந்த எண்ணெய், இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் காக்கிறது. அது இல்லாவிட்டால் தோல் காய்ந்து அப்பளம்போல விறைத்துவிடும்.

இப்போது சிக்கல் புரிகிறதா? வடை எண்ணெய் வெளியேற வேண்டும். தோலின் சொந்த எண்ணெய் உள்ளேயே இருக்க வேண்டும். சவர்க்காரத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது. இரண்டையும் சேர்த்தே கழுவிவிடும். மேலும், பதனிட்ட தோல் சற்று அமிலத்தன்மை உடையது. சவர்க்காரமோ காரத்தன்மை உடையது. தோல் சாயம் மங்கவும், விறைக்கவும் இதுவும் ஒரு காரணம். தின்னர், மண்ணெண்ணெய் போன்றவையும் தோலின் எண்ணெயைக் கரைப்பவையே. அவை எளிதில் தீப்பற்றும் என்பதையும் மறக்காதீர்கள்.

எண்ணெய்க் கறைக்குச் சோள மாவு

முதலில் டிஷ்யூ தாளால் மெதுவாக ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். தேய்த்தால் எண்ணெய் இன்னும் ஆழமாக இறங்கும். பிறகு கறையின் மேல் சோள மாவைத் தடிமனாகத் தூவி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். மாவுத் துகள்களுக்கு இடையே உள்ள இடைவெளிகள் மிகக் குறுகியவை. இடைவெளி குறுகக் குறுக இழுவிசை கூடும். ஆகவே, இழைகளுக்குள் தேங்கிய எண்ணெய் மெல்ல மாவுக்கு மாறுகிறது. காலையில் மென்மையான, உலர்ந்த பல்துலக்கியால் மாவைத் தட்டி எடுங்கள். கறை மிஞ்சியிருந்தால் இன்னொரு முறை செய்யுங்கள். நாள்பட்ட கறை காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிந்து பிசின்போல இறுகிவிடும். அதனால் தாமதிக்க வேண்டாம்.

வியர்வைக் கறைக்கு வினிகர்

வியர்வையில் பெரும்பகுதி நீர்தான். அதில் உப்பும் சிறிதளவு யூரியாவும் கரைந்துள்ளன. நனைந்த இடத்தின் ஓரத்தில் நீர் விரைவாக ஆவியாகும். அந்த இடத்தை நிரப்ப நடுவிலுள்ள நீர் ஓரத்துக்கு நகரும்போது, உப்பையும் இழுத்துச் செல்கிறது. வளையம்போல வெள்ளைக் கோடு தெரிவது இதனால்தான்.

கழுத்துப் பட்டையில் வியர்வையோடு தோல் சுரக்கும் எண்ணெயும் சேர்ந்திருக்கும். ஆகவே முதலில் மாவு, அடுத்து வினிகர். வெள்ளை வினிகரையும் நீரையும் சம அளவில் கலந்து, அதில் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்துவிடுங்கள். ஈரம் மட்டும் படும்படி, கறையைத் தாண்டிச் சற்று அகலமாக ஒற்றுங்கள். வினிகர் அமிலம் என்பதால் தோலின் தன்மைக்கு ஒத்துப்போகும். முதலில் உடையின் மறைவான பகுதியில் சோதித்துப் பாருங்கள். பின்னர் நிழலில் காயவிட்டு, இழைகளைத் துலக்கியால் நிமிர்த்துங்கள். வெயிலும் முடி உலர்த்தியும் வேண்டாம். சூட்டில் தோல் சுருங்கி விறைக்கும்.

நம் ஊரின் ஈரக்காற்றில் பூஞ்சணம் எளிதில் பிடிக்கும். ஸ்வேட்டை நெகிழிப் பையில் கட்டிவைக்காமல், பருத்தித் துணிப் பையில் வையுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

இரண்டு தாள்களில் தலா ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். ஒன்றின் மேல் மட்டும் சோள மாவைத் தூவுங்கள். மறுநாள் மாவைத் தட்டிவிட்டு, இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எண்ணெய் ஊறிய இடம் ஒளியை ஊடுருவ விடும். எந்தத் தாளில் ஒளி குறைவாக வருகிறது? அதைக் கண்டுபிடித்த பிறகு, துணிச்சலாக அக்காவின் ஜாக்கெட்டைக் கையில் எடுக்கலாம்!