பல்விளிம்பும் பட்டுத் துணியும்

தையற்கடையில் கோட்டுத் துணியோ காற்சட்டைத் துணியோ தேர்ந்தெடுக்கச் சென்றவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். கடைக்காரர் நம் முன் ஒரு மாதிரிப் புத்தகத்தை விரித்து வைப்பார். அதில் ஒட்டப்பெற்றுள்ள துணித் துண்டுகள் ஒவ்வொன்றின் ஓரமும் அரத்தின் பல் போன்று கூர் கூராக வெட்டப்பட்டிருக்கும். அழகுக்காகவே அவ்வாறு வெட்டினார்கள் என்று எண்ணுவோர் பலர். ஆனால் ஆயிரம் கைகள் தொட்டுப் புரட்டியும் நூல் பிரியாமல் அத்துண்டுகள் இருப்பது அந்தப் பற்களால்தான். அழகு அதனோடு கூட வந்த வரவு.

நெய்த துணி என்பது நெடுக்கே ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் ஒன்றையொன்று பற்றி நிற்கும் உறவே அன்றி வேறில்லை. நேர்கோட்டில் அதனை வெட்டினால், வெட்டிய ஓரத்தில் ஒரு நூல் முழு நீளத்துக்கும் தனித்து நிற்கும். அதனைப் பிடித்துக்கொள்ள மறுபக்கம் யாருமில்லை. இலேசாக இழுத்தால் முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிடும். அடுத்த நூல் அதன் இடத்துக்கு வரும். பல் பல்லாக வெட்டும்போது அந்த நெடிய நூல் சிறுசிறு துணுக்குகளாக அறுபட்டுவிடுகிறது. பல்லின் ஆழமாகிய சில மில்லிமீட்டருக்கு மேல் பிரிவதற்கு அதனிடம் நீளமே இல்லை. இந்தச் சிறு தந்திரத்தை மனத்திற் கொண்டால், இன்று நம் மகளிர் பலர் வாங்கி வரும் புதுக் கருவி ஒன்றின் நன்மையும் குறையும் எளிதில் விளங்கும்.

ரோட்டரி கட்டர் எனப்படும் சக்கரக் கத்தியையே நாம் குறிப்பிடுகிறோம். கைப்பிடியின் நுனியில் வட்டமான பிளேடு ஒன்று சுழலும். துணியின்மேல் அதனை உருட்டிச் சென்றால் வெட்டு விழும். ஜப்பான் நாட்டின் ஓல்ஃபா நிறுவனம் 1979-ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டது. அதனை நிறுவிய யோஷியோ ஒகாடா என்பவரே, 1956-இல், முனை மழுங்கியதும் ஒடித்து எறிந்துவிட்டுப் புது முனையைப் பயன்படுத்தும் கத்தியையும் கண்டறிந்தவர். பாளம் பாளமாக ஒடித்துத் தின்னும் சாக்லெட் கட்டியே அதற்குத் தூண்டுகோலாயிற்று என்பர். சக்கரக் கத்தியில் நேர் பிளேடை எடுத்துவிட்டு, அலை போன்றோ அரம் போன்றோ விளிம்பமைந்த பிளேடைப் பொருத்தலாம். இத்தகைய அலங்கார பிளேடுகள் பெரும்பாலும் 45 மில்லிமீட்டர் விட்டமுள்ளவை.

கருவி புதிதேயன்றி எண்ணம் புதிதன்று. ஐரோப்பாவில் வளைந்த விளிம்புடைய இரும்பு உளியைத் துணியின்மேல் வைத்துச் சுத்தியலால் தட்டி ஓரம் வெட்டும் வழக்கம் முன்பே இருந்தது. சீமாட்டிகளின் ஆடைகளுக்கு அது பயன்பட்டது போலவே, சவப்பெட்டியின் உட்புறத் துணிக்கும் பயன்பட்டது. ஒரே உளி இரண்டு வேலைக்கும்! பின்னர் 1893-இல், அமெரிக்காவில் லூயிஸ் ஆஸ்டின் என்னும் பெண்மணி பல்லமைந்த கத்தரிக்கோலுக்குக் காப்புரிமை பெற்றார். நம் தையற்காரர்கள் ஜிக்ஜாக் கத்தரி என்று வழங்குவது அதன் வழிவந்ததே.

சக்கரக் கத்தியை மிகுதியாக வரவேற்றவர்கள் குயில்ட் எனப்படும் ஒட்டுப் போர்வை தைப்போர். சிறு சிறு துணித் துண்டுகளை இணைத்து மேல்துணி அமைத்து, நடுவே பஞ்சு வைத்து, கீழ்த்துணியோடு சேர்த்து மூன்று அடுக்கையும் ஊடுருவித் தைப்பது அப்போர்வை. இதை மேனாட்டுக் கலை என்று ஒதுக்கிவிட வேண்டாம். வங்கத்தின் காந்தாவும், வட கர்நாடகத்தின் கௌதியும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் சோழமண்டலக் கடற்கரைக்கும் இதில் நேரிய தொடர்பு உண்டு. இக்கரையிலிருந்து கப்பலேறிய, கையால் வண்ணம் தீட்டிய பருத்தித் துணிகள் பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பிய இல்லங்களைக் கொள்ளை கொண்டன. உள்நாட்டு நெசவாளர் கொதித்தெழ, பிரான்சு 1686-இல் தடை விதித்து 1759 வரை நீடித்தது. இங்கிலாந்து 1700-லும் 1721-லும் சட்டம் இயற்றித் தடுத்தது. கிடைத்தற்கரிதான அத்துணிகளை வீணாக்க மனமின்றி, அங்குள்ள பெண்கள் பூவையும் பறவையையும் தனித்தனியே கத்தரித்தெடுத்து, வெள்ளைத் துணியின்மேல் ஒட்டித் தைத்துப் போர்வை செய்தார்கள். நம் நெசவாளரின், ஓவியரின் உழைப்பு அப்படித் துண்டு துண்டாக வாழ்ந்தது.

அதே கேள்வி இன்று நம் ஊர்ப் பெட்டிகளுக்குள்ளும் எழுந்துள்ளது. காஞ்சிபுரத்துக்கு மேற்கே, சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள தாமல், பெரிய ஏரிக்கும் வராகீசுவரர் கோயிலுக்கும் பெயர் பெற்றது. அவ்வூர் இல்லம் ஒன்றில் நாம் கண்டதைச் சொல்கிறோம். மாமியாரின் திருமணப் பட்டுப்புடவை பல்லாண்டுகள் மடித்த மடிப்பிலேயே கிடந்து, மடிப்பு தோறும் கீறிவிட்டது. பழைய பட்டுப்புடவை வாங்குவோர் தெருவில் வந்து சரிகைக்கு விலை பேசினார். சிங்கப்பூரில் பணிபுரியும் மகளோ, "பாட்டியின் புடவையை விற்க வேண்டாம் அம்மா, போர்வையாக்கித் தாருங்கள்" என்று எழுதி, அலை விளிம்பு பிளேடோடு ஒரு சக்கரக் கத்தியும் அனுப்பியிருந்தாள். விற்றால் அந்த மாதச் செலவுக்கு உதவும். சரிகையை எரித்து வெள்ளியை எடுத்துக்கொள்வார்கள், புடவை இராது. வெட்டினாலோ வெட்டியது வெட்டியதுதான். "சாமி, இதை வெட்டலாமா?" என்று அத்தாய் நம்மிடம் கேட்டார்.

கேள்வி நியாயமானது. காஞ்சிப் பட்டு ஏதோ ஒரு துணியன்று. 2005-ஆம் ஆண்டில் புவிசார் குறியீட்டுக்கு உரியதாகிய அப்புடவையின் உடலும் கரையும் தனித்தனி ஊடை நூலால் நெய்யப்பட்டு, தறியிலேயே கோர்வை என்னும் முறையில் பிணைக்கப்படுகின்றன. மூன்று நாடாக்கள் ஓட, நெசவாளருக்குத் துணையாக ஒருவர் உடனிருந்து கரையைப் போட வேண்டும். உடலும் முந்தியும் வெவ்வேறு நிறமாயின், பேட்னி முறையில் பாவு நூலையே இழை இழையாக மாற்றிப் பிணைக்கிறார்கள். கரையும் உடலும் சேரும் இடத்தில் கோபுரம் கோபுரமாக ஏறி இறங்கும் வரிசையைப் பாருங்கள். தாழம்பூ ரேக்கு என்று போற்றும் வேலைப்பாட்டையும் பாருங்கள். சக்கரக் கத்தி வெட்டித் தரும் அதே பல் வரிசையை நம் நெசவாளர் வெட்டாமலே, நூலைக் கோத்தே படைத்து வைத்திருக்கிறார்கள்! கத்தியால் வந்த பல் பிரியலாம். கோர்வையால் வந்த பல் பிரியாது.

ஆகவே நம் மறுமொழி இதுவாயிற்று: முழுமையாக உள்ள புடவையை எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள். ஆறு திங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி, பருத்தித் துணியில் சுற்றி வைத்தாலே அது இன்னொரு தலைமுறைக்கு நிற்கும். மடிப்பில் கீறி, உடுத்தவே இயலாத புடவையானால் வெட்டுங்கள். ஆனால் கரையைப் பிளக்காமல், கோர்வைக்கு உள்பக்கம் ஓர் அங்குலம் விட்டு உடற்பகுதியை மட்டும் எடுங்கள். கரையை நீளமாகவே வைத்துப் போர்வையின் சுற்றுப்பட்டியாக்கலாம்.

அத்தாய் முதலில் இரவிக்கைக்கு விட்ட மிச்சத் துணியில் அலை பிளேடை ஓட்டிப் பார்த்தார். அலை அழகாகவே விழுந்தது. மாலைக்குள் கையிலெடுத்துப் புரட்டிய அளவிலேயே ஓரத்தில் நூல் மயிர் மயிராக எழுந்தது. மகள் பார்த்த படங்களில் ஓரம் அப்படியே நின்றதே என்று அவருக்கு வியப்பு. வியப்புக்கு இடமில்லை. பருத்தி இழை இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமே உள்ளது. முறுக்கிய நூலிலிருந்து அவ்விழைகளின் முனைகள் வெளியே நீட்டி, அண்டை நூலைப் பற்றிக்கொள்ளும். பட்டோ ஒரு கூட்டிலிருந்து பல நூறு மீட்டர் அறுபடாமல் வரும் வழவழப்பான இழை. அதற்குப் பற்றிக்கொள்ள முனையில்லை. பருத்திக்குப் போதுமான பல் பட்டுக்குப் போதாது. கம்பளி நாரை அழுத்தி ஒட்டவைத்த ஃபெல்ட் துணிக்கோ நூலே இல்லை. ஆதலால் அதில் எந்த அலையை வெட்டினாலும் அப்படியே நிற்கும். மகள் கண்ட படங்கள் பெரும்பாலும் ஃபெல்டும் பருத்தியுமாக இருந்திருக்க வேண்டும்.

பின்பு என்ன செய்தார்கள்? சட்டைக் கழுத்துப் பட்டைக்கு வைக்கும் ஒட்டு கேன்வாஸில் மெல்லிய ரகத்தை வாங்கி, பட்டின் பின்புறம் மிதமான சூட்டில் இஸ்திரிப்பெட்டியால் ஒட்டிய பிறகே வெட்டினார்கள். நேர் பிளேடால் சதுரங்கள் எடுத்தார்கள். மேனாட்டார் பருத்திக்குக் கால் அங்குலம் தையலுக்கு விடுவர். பட்டுக்கு அரை அங்குலம் விடச் சொன்னோம். மெல்லிய பருத்தித் துணியில் கீழடுக்குத் துண்டுகள் வெட்டும்போதுதான் அரப்பல் பிளேடுக்கு வேலை வந்தது. தையலுக்குள் மறைந்து நிற்கும் ஓரத்தைப் பல்லாக வெட்டினால், இஸ்திரி போடுகையில் அந்த ஓரம் மேல்துணியில் கோடாகத் தடம் பதிக்காது, நூலும் உதிராது. அலங்கார விளிம்பு யார் கண்ணுக்கும் படாத இடத்தில்தான் மிக நன்றாக உழைக்கிறது என்பது சற்று வேடிக்கையே. வெளியே தெரியும் பல் வேண்டுமென்றால் தேர்த் தொம்பை தைப்போரைப் பார்க்க வேண்டும். தொங்கும் நாக்கு ஒவ்வொன்றையும் மடித்துத் தைத்தோ நாடா வைத்தோ முடிப்பார்கள்; கத்தியின் வெட்டை அப்படியே விட்டுவைப்பதில்லை.

கருவியைக் கையாள்வது பற்றிச் சில சொற்கள். அலங்கார பிளேடு நேர் பிளேடை விட அதிக அழுத்தம் கேட்கும். ஆதலால் நின்றுகொண்டு, இடுப்பளவு உயரமுள்ள மேசையில், ஒன்றிரண்டு மடிப்புக்கு மேல் வைக்காமல் வெட்ட வேண்டும். ஒரே ஓட்டத்தில் முடிக்க வேண்டும். அறுபடாத இடத்தில் மறுபடி உருட்டினால் இரண்டாம் முறை விழும் பல் முதற் பல்லோடு பொருந்தாது, ஓரம் கடித்துத் துப்பியது போலாகும். அளவைப் பல்லின் நுனியிலிருந்து எடுத்தால் எல்லாத் துண்டுக்கும் நுனியிலிருந்தே எடுக்க வேண்டும். ஒன்றுக்கு நுனி, ஒன்றுக்குப் பள்ளம் என்றானால் இருபது சதுரம் சேருமுன் போர்வை கோணிக்கொள்ளும். அடியில் விரிக்கும் வெட்டுப் பாய் நேர் வெட்டின் தழும்பைத் தானே மூடிக்கொள்ளும்; அலை வெட்டின் தழும்பு அவ்வளவு எளிதில் மூடாது. ஆகவே பாயின் பின்புறத்தை இதற்கென ஒதுக்குவது சிக்கனம். நம் ஊர் வெயிலில் அப்பாயைக் காயவைத்துவிட்டால் அப்பளம்போல் நெளிந்துவிடும், பிறகு தட்டையாகாது.

சரிகையின்மேல் பிளேடை ஓட்டவே வேண்டாம். பட்டு நூலின்மேல் வெள்ளித் தகடு சுற்றி, தங்க முலாம் பூசியது அது. உலோகத்தின்மேல் ஓடிய பிளேடு விரைவில் மழுங்கும். பல் பிளேடை வீட்டில் சாணை பிடிக்கவும் இயலாது. சரிகை அறுந்த இடத்தில் உள்ளே சிவந்த பட்டு நூல் தெரிந்தால் அது அசல் காஞ்சிச் சரிகை என்று அறியலாம். ஆனால் அதை அறிவதற்கென்று அறுக்க வேண்டியதில்லை. நகத்தால் சுரண்டினாலே போதும்.

குழந்தைகள் உள்ள இல்லங்களில் மிகுந்த எச்சரிக்கை தேவை. சக்கரக் கத்தி பார்ப்பதற்கு விளையாட்டு வண்டியின் சக்கரம் போலவே இருக்கும். கூர்மையோ சவரக் கத்திக்கு இணையானது. ஒவ்வொரு வெட்டு முடிந்ததும், ஆம், ஒவ்வொரு வெட்டுக்கும், மூடியை இழுத்துப் பூட்டிவிட்டுத்தான் மேசையில் வைக்க வேண்டும். அளவுகோலைப் பிடித்திருக்கும் கையின் விரல்கள் அதன் விளிம்புக்கு வெளியே நீட்டியிருக்கக் கூடாது. கத்தியை உடலை விட்டு விலகும் திசையில் உருட்ட வேண்டும், நம்மை நோக்கி இழுக்கக் கூடாது. மழுங்கிய பிளேடைக் குப்பையில் வெறுமனே எறிவது, அதிகாலையில் வந்து வெறுங்கையால் குப்பை பிரிக்கும் துப்புரவுப் பணியாளரின் விரலை அறுப்பதாகும். மூடியுள்ள பழைய தகர டப்பா ஒன்றில் சேர்த்து வைத்து, நிறைந்ததும் மூடியைச் சுற்றி ஒட்டி, உள்ளே பிளேடு என்று மேலே எழுதி, அவர் கையிலேயே சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.