இனம் என்னும் சொல்லும் ஒரு கல்லூரி வேலைநிறுத்தமும்

1968-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள், ஸான் பிரான்ஸிஸ்கோ மாநிலக் கல்லூரியின் எதிரே, ஒலிபெருக்கி பூட்டிய லாரி ஒன்றை நிறுத்திக்கொண்டு மாணவர்கள் மறியல் செய்துகொண்டிருக்கையில், கம்பளித் தொப்பி அணிந்த சிறிய உருவமுடைய ஒரு பேராசிரியர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்த லாரியின்மேல் ஏறி, ஒலிபெருக்கியின் கம்பிகளைத் தம் கையாலேயே பிடுங்கினார். அவர் பெயர் ஹயக்காவா. ஜப்பானியப் பெற்றோருக்குக் கனடாவில் பிறந்தவர். மொழிக்கும் சிந்தனைக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றி எழுதிய நூலால் புகழ் பெற்றவர். கல்லூரியின் தற்காலிகத் தலைவராகச் சில நாட்களுக்கு முன்புதான் நியமிக்கப்பட்டவர். அந்தக் காட்சி தேசமெங்கும் பரவியது. அதனால் வந்த கீர்த்தி பிற்காலத்தில் அவரை அமெரிக்க செனட் சபை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவர் வாயடைக்க முயன்ற அந்த மாணவர்கள் என்ன கேட்டார்கள் என்பதோ அவ்வளவாக வெளியில் பரவவில்லை. இன்று அமெரிக்கச் சர்வகலாசாலைகளில் ‘எத்னிக் ஸ்டடீஸ்’ என்றும், நம் மொழியில் இனத்துவ ஆய்வு என்றும் வழங்கும் கல்வித் துறை, அவர்கள் கேட்ட கேள்விகளிலிருந்து பிறந்ததாதலால், அவற்றைச் சற்று நின்று கேட்பது அவசியமாகிறது.

கலிபோர்னியா மாநிலம் 1960-இல் வகுத்த உயர்கல்வித் திட்டம், பள்ளிப் படிப்பை முடித்தவர்களில் மேல்வரிசையிலுள்ள எட்டில் ஒரு பங்கினருக்குச் சர்வகலாசாலையையும், மேல்வரிசையிலுள்ள மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலக் கல்லூரிகளையும் ஒதுக்கி, ஏனையோரை ஈராண்டுக் கல்லூரிகளுக்கு அனுப்பியது. பார்வைக்கு நியாயமான ஏற்பாடுதான். ஆனால் கறுப்பர்களும், மெக்ஸிகோ வழிவந்தவர்களும், சீனர்களும், பிலிப்பைன்ஸ் நாட்டவர்களும் நெருங்கி வாழ்ந்த வட்டாரங்களின் பள்ளிகள் எத்தகையவை என்பதை அந்தத் திட்டம் கேட்கவில்லை. கல்லூரிக்குள் நுழைந்த சிலருக்கோ வேறொரு வியப்பு காத்திருந்தது: சரித்திர வகுப்பில் தங்கள் பாட்டனார் இல்லை, இலக்கிய வகுப்பில் தங்கள் தாயின் பாஷை இல்லை, சமூகவியல் வகுப்பிலோ தாங்கள் ஒரு ‘பிரச்னை’யாக மட்டுமே இருந்தார்கள்.

ஆங்கில ஆசிரியரும் கருஞ்சிறுத்தைக் கட்சியின் கல்வி அமைச்சருமான ஜார்ஜ் மர்ரே பணியிலிருந்து தற்காலிகமாக நீக்கப்பட்டதை அடுத்து, அந்த ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள் வேலைநிறுத்தம் தொடங்கியது. கோரிக்கைகள் 15, கறுப்பின மாணவர் சங்கம் வைத்தவை பத்து, மூன்றாம் உலக விடுதலை முன்னணி வைத்தவை ஐந்து. தங்கள் மக்களின் சரித்திரத்தையும் வாழ்வையும் கற்பிக்கும் தனித் துறைகள் வேண்டும், அவற்றுக்கான ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அத்துறைகளிடமே இருக்கவேண்டும், தங்கள் வட்டாரத்துப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கதவு திறக்கவேண்டும் என்பவை அவற்றின் சாரம். அமெரிக்காவுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்கள் தங்களை ‘மூன்றாம் உலகத்தவர்’ என்று அழைத்துக்கொண்டது வெறும் ஆவேசப் பேச்சு அன்று. 1955-இல் பாண்டுங் நகரில் கூடிய ஆசிய ஆப்பிரிக்க நாடுகளின் மகாநாடும், அல்ஜீரிய விடுதலைப் போரில் கலந்துகொண்ட மனநல மருத்துவர் பிரான்ஸ் பனான் 1961-இல் மரணப் படுக்கைக்குச் செல்லுமுன் எழுதி முடித்த நூலும் அவர்களை எட்டியிருந்தன. கடல் கடந்து நடந்த ஆதிக்கமும் தங்கள் தெருவில் நடக்கும் ஆதிக்கமும் ஒரே மரத்தின் கிளைகள் என்று அவர்கள் கண்டார்கள்.

இவ்விடத்தில் நம்முடைய ‘இனம்’ என்னும் சொல்லைக் குறித்து ஒரு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது. பிறப்பினால் வகுக்கப்படும் மக்கட் பிரிவு என்ற பொருளில் இன்று நாம் அதை மிகுதியாகப் பிரயோகித்தாலும், திருக்குறளில் ‘சிற்றினம் சேராமை’ என்று ஓர் அதிகாரத்துக்குப் பெயரிட்டபோது, ஒருவன் தேர்ந்து சேர்கின்ற கூட்டம் என்ற பொருளையே அச்சொல் தாங்கி நின்றது. இந்த இரண்டு பொருளுக்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான் இனத்துவ ஆய்வு இடைவிடாமல் அளந்துகொண்டிருக்கிறது. தோலின் நிறம் இயற்கை தந்தது. அந்த நிறத்துக்கு ஒரு விலையையும் ஒரு தண்டனையையும் கட்டி வைத்தது சட்டம். 1968-இல் பெர்க்லி நகரில் யூஜி இச்சியோக்காவும் எம்மா ஜீயும் தங்கள் மாணவர் அமைப்புக்குப் பெயர் தேடியபோது, ‘ஆசிய அமெரிக்கர்’ என்ற தொடரை உருவாக்கினார்கள். அதுவரை ஜப்பானியர், சீனர், பிலிப்பைன்ஸ்காரர் என்று தனித்தனியே வாழ்ந்து, பல சமயங்களில் ஒருவரை ஒருவர் சந்தேகித்தும் வந்தவர்கள், ஒரு பெயரின் கீழ் வந்து நின்றார்கள். அது பிறப்பு தந்த இனம் அன்று. சேர்ந்து தேடிக்கொண்ட இனம். லாரியின்மேல் ஏறிய ஹயக்காவாவை எதிர்த்து நின்றவர்களில் ஜப்பானிய வழிவந்த மாணவர்களும் இருந்தார்கள் என்பதை நினைத்தால் இந்த வேறுபாடு நன்கு விளங்கும்.

இந்த மாணவர்கள் வெறுங்கையுடன் வரவில்லை. பிலடெல்பியா நகரத்துக் கறுப்பர்களைப் பற்றி வீடு வீடாகச் சென்று விசாரித்து டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் எழுதிய பெருநூல் 1899-லேயே வெளிவந்திருந்தது. கார்ட்டர் வுட்ஸன் 1926-இல் கறுப்பர் சரித்திர வாரத்தைத் தொடங்கியிருந்தார். ஆயினும் அந்தப் புலமைக்கெல்லாம் பெரிய சர்வகலாசாலைகளின் வாசலில் இடம் இருக்கவில்லை.

போலீஸார் குதிரையிலும் தடியுடனும் வந்தார்கள். ஜனவரியில் ஆசிரியர் சங்கத்தினரும் வேலைநிறுத்தத்தில் சேர்ந்தார்கள். 1969 ஜனவரி 23-ஆம் நாள் ஒரே கூட்டத்தில் நானூறு பேருக்கு மேல் கைது செய்யப்பட்டார்கள். நாலரை மாத காலம் நடந்து, அமெரிக்க மாணவர் கிளர்ச்சிகளிலேயே நீண்டதென்று பெயர் பெற்ற அந்தப் போராட்டம் மார்ச் மாதத்தில் ஓர் உடன்பாட்டில் முடிந்தது. கேட்டவை யாவும் கிடைத்துவிடவில்லை. மர்ரேக்கு வேலை திரும்பவில்லை. கறுப்பின ஆய்வுத் துறைக்கு அடித்தளம் இட்ட சமூகவியலாளர் நேதன் ஹேரும் அங்கே தொடர்ந்து பணியாற்ற அனுமதிக்கப்படவில்லை. என்றாலும் அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் அமெரிக்காவின் முதல் இனத்துவ ஆய்வுக் கல்லூரி அங்கே திறக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், அக்கல்லூரியில் படித்துவந்த மோஹாக் இளைஞர் ரிச்சர்ட் ஓக்ஸ் முன்னிற்க, பல பழங்குடிகளைச் சேர்ந்த 89 பேர், கைவிடப்பட்ட சிறைத் தீவான அல்கட்ராஸில் இறங்கி, கண்ணாடி மணிகளும் சிவப்புத் துணியும் கொடுத்து 24 டாலர் விலைக்கு அத்தீவை வாங்கிக்கொள்வதாக அறிவித்தார்கள். மான்ஹாட்டன் தீவை வெள்ளையர் வாங்கியதாகச் சொல்லப்படும் விலை அது. பத்தொன்பது மாதம் அவர்கள் அங்கே இருந்தார்கள்.

ஆனால் இந்தக் கல்வியின் உயிர்நிலை எங்கே இருக்கிறதென்று என்னைக் கேட்டால், நான் கல்லூரியைக் காட்டமாட்டேன். அதே நகரின் கியர்னி தெருவில் இருந்த ஒரு பழைய தங்கும் விடுதியைத்தான் காட்டுவேன்.

இன்டர்நேஷனல் ஹோட்டல் என்பது அதன் பெயர். பத்துத் தெருக்கள் அளவுக்கு ஒரு காலத்தில் பரவியிருந்த ‘மணிலா டவுன்’ என்னும் பிலிப்பைன்ஸ் மக்களின் வட்டாரம், வங்கிகளும் வாணிப மாளிகைகளும் விரிய விரியச் சுருங்கி, கடைசியில் அந்த ஒரு கட்டடமாக எஞ்சி நின்றது. அதன் சிறிய அறைகளில் வசித்தவர்கள் பெரும்பாலும் முதிய ஆண்கள். இளைஞர்கள் அவர்களை ‘மனோங்’ என்று அழைத்தார்கள். இலோக்கானோ பாஷையில் அதற்கு அண்ணன் என்று பொருள். பிலிப்பைன்ஸ் 1898-இல் அமெரிக்காவின் காலனியானபடியால், 1920-களிலும் 30-களிலும் அவர்கள் கப்பலேறி வந்து, கலிபோர்னியாவின் தோட்டங்களில் காய் பறித்தும், அலாஸ்காவின் ஆலைகளில் மீன் நறுக்கியும் பிழைத்தார்கள். வெள்ளைப் பெண்களை மணப்பதை மாநிலச் சட்டம் தடுத்தது. அந்தத் தடை 1948 வரை நீங்கவில்லை. 1934-இல் வந்த சட்டமோ பிலிப்பைன்ஸிலிருந்து ஆண்டுக்கு 50 பேருக்கு மேல் குடியேறக்கூடாதென்று வரம்பிட்டதால், சொந்த நாட்டுப் பெண்கள் வந்து சேரவும் வழியில்லாமற் போயிற்று. மனைவி மக்கள் இன்றி, அந்த விடுதியின் நடைக்கூடமே குடும்பமாக, அவர்களில் பலர் மூப்படைந்தார்கள்.

ஆதிக்க நாடு கொடியை இறக்கிக்கொண்டு போன பிறகும் அது வகுத்துவைத்த மேல் கீழ் வரிசைகள் உழைப்பிலும் அறிவிலும் அதிகாரத்திலும் நிலைத்திருக்கின்றன என்று பெரு நாட்டுச் சமூகவியலாளர் அனிபல் கிஹானோ பிற்காலத்தில் ஒரு சித்தாந்தம் வகுத்தார். காலனிய நீக்கச் சிந்தனை என்று இன்று பேசப்படுவதற்கு அது ஓர் ஆணிவேர். அவருடைய கட்டுரைகள் எளிதில் பிடிபடுபவை அல்ல. ஆனால் பிலிப்பைன்ஸ் 1946-இல் சுதந்திரம் அடைந்த பின்னும், அந்நாட்டிலிருந்து வந்த முதியவர் ஒருவர் கியர்னி தெருவின் சிறிய அறையில் தனியே உட்கார்ந்து சோறு வடித்துக்கொண்டிருப்பதை மனத்தில் நிறுத்திக்கொண்டு படித்தால், அந்தச் சித்தாந்தம் சட்டென்று வெளிச்சமாகிறது.

விடுதியை இடித்து வாகன நிறுத்தகம் கட்டுவதற்காக, 1968-லேயே குடியிருப்போரைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. அடுத்த மார்ச்சில் மூண்ட தீயில் மூன்று முதியவர்கள் மாண்டார்கள். வேலைநிறுத்தத்திலிருந்து வந்த மாணவர்களும் பெர்க்லி மாணவர்களும் தங்கள் வகுப்பறையை அந்த விடுதிக்கு மாற்றிக்கொண்டார்கள் என்றே சொல்லவேண்டும்: சுவருக்கு வண்ணம் அடித்தார்கள், குழாய் செப்பனிட்டார்கள், மனோங்குகள் சொல்லக் கேட்டு அவர்கள் கதைகளை எழுதிக்கொண்டார்கள். புத்தகத்தில் இல்லாத சரித்திரம் அந்த மனிதர்களின் நினைவில் இருந்தது. அதைக் கேட்பதற்கு முதலில் அவர்களுக்குக் கூரை இருக்கவேண்டியிருந்தது. சமூகச் சேவையும் ஆராய்ச்சியும் இவ்வாறு ஒன்றாய்ப் பின்னிக் கிடந்ததே இத்துறையின் தொடக்கம். பழங்குடியினரை ஆராய்வோர் முதலில் அவர்களுக்குக் கடமைப்பட்டவர்கள் என்று மாவோரி அறிஞர் லிண்டா டுஹிவாய் ஸ்மித் 1999-இல் ஒரு நூல் முழுவதும் வாதித்ததும் இந்த உண்மையையே தொட்டுக்கொண்டிருக்கிறது. பிற்காலத்தில் இத்துறையின் எழுத்துக்களில் கலைச்சொற்கள் பெருகி, ‘காலனிய நீக்கம்’ என்பது எதற்கும் சூட்டக்கூடிய அணியாக மாறியபோது, ஈவ் டக், வெய்ன் யாங் என்னும் இருவர் 2012-இல், அது உருவகம் அன்று, பறிபோன நிலத்தைப் பற்றிய பேச்சு என்று எழுத நேர்ந்தது. அவர்களுடைய கண்டிப்பு எனக்கு முற்றிலும் நியாயமாகப் படுகிறது.

எதிர்ப்பும் ஓயவில்லை. அரிஸோனா மாநிலத்தின் டூஸான் நகரப் பள்ளிகளில் நடந்துவந்த மெக்ஸிகன் அமெரிக்கர் கல்வித் திட்டத்தைக் குறிவைத்து, ஓர் இனத்தார்மீது வெறுப்பை வளர்க்கும் பாடங்களையும், மாணவரைத் தனிமனிதராக நடத்தாமல் இன ஒற்றுமையைப் போதிக்கும் பாடங்களையும் தடுப்பதாகச் சொல்லி, 2010-இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். 2012 ஜனவரியில் திட்டம் நிறுத்தப்பட்டு, வகுப்பறைகளிலிருந்து புத்தகங்கள் பெட்டிகளில் கட்டி எடுத்துச் செல்லப்பட்டன. 2017-இல் வழக்கை விசாரித்த நீதிபதி ஏ. வாலஸ் டஷிமா, அந்தச் சட்டம் இனப் பகைமையால் உந்தப்பட்டதென்று தீர்ப்பளித்தார். இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானிய வழிவந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக, சிறுவனாக இருக்கையில் அதே அரிஸோனாவின் போஸ்டன் முகாமில் அடைக்கப்பட்டவர் அவர். இத்தகைய பாடங்களால் படிப்புக் கெடும் என்று சொல்வோர் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும்: ஸான் பிரான்ஸிஸ்கோ பள்ளிகளில் மதிப்பெண் சராசரி 2.0-க்குக் கீழிருந்த மாணவர்களை ஒன்பதாம் வகுப்பில் இப்பாடத்தில் சேர்த்ததன் விளைவை ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டபோது, அவர்களின் வருகை 21 சதவீதப் புள்ளிகளும், மதிப்பெண் சராசரி 1.4 புள்ளிகளும் உயர்ந்திருக்கக் கண்டார்கள்.

விடுதிக்குத் திரும்புவோம். முதியவர்களை வெளியேற்ற மறுத்ததற்காக நீதிமன்ற அவமதிப்புக் குற்றம் சாட்டப்பட்டு ஐந்து நாள் சிறையில் இருந்த ஷெரீப் ரிச்சர்ட் ஹொங்கிஸ்டோ, கடைசியில் 1977 ஆகஸ்ட் 4-ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில், போலீஸ் படையுடன் வந்து, சம்மட்டியால் கதவை உடைத்தார். சுமார் மூவாயிரம் பேர் கை கோத்துக் கட்டடத்தைச் சூழ்ந்து நின்றிருந்தார்கள். குதிரைகள் அவர்களை நெருக்கிப் பிளந்தன. ஐம்பது பேர் அளவிலான முதியவர்கள் ஒவ்வொருவராகத் தெருவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பிறகு கட்டடம் இடிக்கப்பட்டு, அந்த இடம் நெடுங்காலம் வெறும் பள்ளமாகக் கிடந்தது. அங்கே வாணிப மாளிகை எழும்பாதபடி வட்டாரத்தார் விடாமல் மன்றாடினார்கள். அன்று கை கோத்து நின்ற மாணவர்களுக்குத் தலை நரைத்தது. 2005-இல் அதே இடத்தில், முதியோர்க்கென்று 105 வீடுகள் கொண்ட புதிய இன்டர்நேஷனல் ஹோட்டல் திறக்கப்பட்டது. வீடுகளைச் சீட்டுக் குலுக்கி ஒதுக்கினார்கள். பழைய விடுதியில் வாழ்ந்தவர்களில் எஞ்சியிருந்தவர்களுக்கு முதலிடம் என்று வைத்தார்கள். அவர்கள் இரண்டே பேர்.