வைத்தியச் செய்திகளும் நம்பிக்கைச் சான்றும்

ஒருவர் நோயுற்றால், அவரைப் பற்றிய செய்தியும் அவரோடு பயணஞ் செய்யத் தொடங்குகிறது. குடும்ப வைத்தியர் பெரிய வைத்தியசாலைக்குக் கடிதம் எழுதுகிறார். வைத்தியசாலை இரத்தத்தைச் சோதித்து முடிவை அறிவிக்கிறது. நோயாளி வீடு திரும்பும்போது, இன்ன மருந்தை நிறுத்துக, இன்ன மருந்தைத் தொடர்க என்னும் குறிப்புக் குடும்ப வைத்தியரைச் சென்றடைய வேண்டும். இவற்றுள் ஒன்று வழியிலே தங்கிவிடுமாயின், அளிக்கப்பட்ட சிகிச்சை எத்துணைச் சிறந்ததாயினும் அதன் பயன் குன்றிவிடும்.

இத்தகைய தவறுகள் கற்பனையல்ல. இங்கிலாந்தில் வைத்தியர்களுக்குச் சேரவேண்டிய ஏறத்தாழ 7 இலட்சம் கடிதங்களும் பத்திரங்களும், அவற்றைக் கொண்டு சேர்க்கும் பொறுப்பை ஏற்றிருந்த நிறுவனமொன்றிடம் ஆண்டுக்கணக்காகத் தேங்கிக் கிடந்தமையை, அந்நாட்டின் தேசியக் கணக்காய்வு அலுவலகம் 2017 ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையொன்று எடுத்துக்காட்டிற்று. அவை காகிதத்தில் அமைந்தவை. காகிதத்தை நீக்கிவிட்டாற் குறையும் நீங்கிவிடுமென எண்ணுவார்க்கு 2023 ஆம் ஆண்டு மற்றொரு பாடம் கிடைத்தது. இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள வைத்தியசாலைக் குழுமமொன்றில் 24,000 இற்கு மேற்பட்ட கடிதங்கள், மூத்த வைத்தியரின் ஒப்புதலுக்காகக் கணினியினுள்ளேயே காத்துக் கிடந்து, அனுப்பப்படாமற் போயின என்பது அப்போது வெளிவந்தது. ஆகவே, செய்தி எதிற் செல்கின்றது என்பதிலும் மேலாக, அது சென்றடைந்ததை உறுதிசெய்வார் யார் என்பதே முதன்மையான வினாவாகும்.

இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 1948 ஆம் ஆண்டு யூலை 5 ஆந் திகதி தொடங்கிற்று. இன்று அதன் செய்திகளுட் பெரும்பாலானவை கணினி வழியாகவே செல்கின்றன. அதற்கென அரசாங்கம் அமைத்த மத்திய ஏற்பாட்டுக்கு, முதுகெலும்பு எனப் பொருள்படும் 'ஸ்பைன்' என்னும் பெயர் வழங்குகிறது. 2014 ஆம் ஆண்டு இது புதிதாகக் கட்டியமைக்கப்பட்டது. வைத்தியர் எழுதும் மருந்துக் குறிப்பு இதன் வழியாகவே மருந்தகத்தை அடைகின்றது. பரிசோதனை முடிவுகளும் கடிதங்களும் 'மெஷ்' என்னும் செய்திப் பரிமாற்றச் சேவையின் ஊடாக ஓர் அஞ்சற் பெட்டியிலிருந்து மற்றோர் அஞ்சற் பெட்டிக்குச் செல்கின்றன.

அரசாங்கம் பாதையை அமைத்ததேயன்றி, அப்பாதையிற் செல்லும் வண்டிகள் அனைத்தையும் தானே செய்யவில்லை. குடும்ப வைத்தியரின் மேசையில் உள்ள மென்பொருளை ஒரு நிறுவனம் ஆக்குகிறது. மருந்தகத்தில் உள்ளதை வேறொரு நிறுவனம் ஆக்குகிறது. ஆய்வுகூடத்துக்குரியதை இன்னொன்று ஆக்குகிறது. சுகாதார சேவையையும் வைத்தியரையும் இரு தரப்பாகக் கொண்டால், மென்பொருள் ஆக்குவோர் மூன்றாந் தரப்பினராவர். இவர்கள் இல்லாமற் சேவை இயங்காது. ஆயினும், இவர்களுள் ஒருவர் தவறிழைத்தால் அதன் விளைவை அனுபவிப்பவர், அவருடைய பெயரைக்கூட அறியாத நோயாளியேயாவார். ஆதலின், பொதுப் பாதையில் ஏற விரும்பும் ஒவ்வொரு மென்பொருளும் முன்னரே சோதிக்கப்பட்டு, அதற்குரிய அங்கீகாரத்தைப் பெற்றாக வேண்டும். அச்சோதனை எவற்றை நோக்குகிறது என்பதை ஒவ்வொன்றாகக் காணுதல் பயனுடைத்து.

முதலாவது, மொழி. இரு கணினிகள் உரையாட வேண்டுமாயின் இரண்டுக்கும் பொதுவான இலக்கணம் வேண்டும். இதனை வகுப்பதற்கென 1987 ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'எச்.எல். செவன்' என்னும் அமைப்புத் தோன்றிற்று. கணினித் தொடர்பை ஏழு படிகளாக வகுத்த சர்வதேச மாதிரியில், ஏழாவதான பயன்பாட்டுப் படியைக் குறிப்பதே அப்பெயர். அவ்வமைப்பின் பழைய இலக்கணத்திற் செங்குத்துக் கோடு, கூரைக் குறி முதலிய அடையாளங்கள் ஒரு செய்தியின் பகுதிகளைப் பிரித்துக் காட்டுகின்றன. வைத்தியர் தமது குறிப்பினுள் அவ்வடையாளங்களுள் ஒன்றை இயல்பாகப் பயன்படுத்திவிட்டால், அதனை மாற்றெழுத்தால் மறைத்து அனுப்ப மென்பொருள் அறிந்திருத்தல் வேண்டும். அறியாவிடின், பெறுகின்ற கணினி அவ்விடத்திலே வாக்கியத்தை வெட்டிவிடவும் கூடும். 2011 ஆம் ஆண்டு அவுஸ்திரேலியரான கிறஹம் கிறீவ் முன்மொழிந்த 'ஃபயர்' என்னும் புதிய இலக்கணம் இணையத்தின் வழக்குகளைத் தழுவியது. அது மென்பொருள் ஆக்குவோரின் வேலையை எளிதாக்கியபோதிலும், இத்தகைய சோதனையின் தேவையை நீக்கிவிடவில்லை.

சொல் மாறினாற் பொருளும் மாறுமன்றோ? மருந்தின் அளவைக் குறிப்பதில் மில்லிகிராமுக்கும் மைக்ரோகிராமுக்கும் இடையே ஆயிரம் மடங்கு வேறுபாடு உண்டு. மைக்ரோ என்பதைக் குறிக்கும் கிரேக்க எழுத்து, ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும்போது எழுத்துமுறை வேறுபாட்டால் உருத்திரிந்து போவதுண்டு. இங்கிலாந்தில் அச்சொல்லைச் சுருக்காமல் முழுமையாக எழுதுமாறு வைத்தியர்களுக்கு அறிவுறுத்தப்படுவது இத்தகைய அபாயங்களை நினைந்தேயாம். மருந்துகளுக்கும் நோய்களுக்கும் பொதுவான குறியீட்டு எண்கள் வகுக்கப்பட்டிருப்பதும் இக்காரணம் பற்றியே.

இரண்டாவது, ஆள் அடையாளம். செய்தி பிழையற்றதாயிருந்தும் பிழையான நோயாளியின் ஏட்டிற் சேருமாயின், அது செய்தி இல்லாமையினும் கொடியது. இங்கிலாந்தில் ஒவ்வொரு நோயாளிக்கும் 10 இலக்கங்கொண்ட எண் ஒன்று உண்டு. முதல் ஒன்பது இலக்கங்களை முறையே 10, 9, 8 என்று தொடங்கி 2 வரையுள்ள எண்களாற் பெருக்கிக் கூட்டி, அக்கூட்டுத்தொகையை 11 ஆல் வகுத்து, மீதியை 11 இலிருந்து கழித்தால் வருவதே பத்தாவது இலக்கமாகும். கழித்து வருவது 11 ஆயின் அங்கே பூச்சியம் இடப்படும். 10 ஆயின் அவ்வெண் எவருக்கும் வழங்கப்படாது. ஓர் இலக்கம் தவறினாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும், இக்கணக்குப் பிழையைக் காட்டிக் கொடுத்துவிடும். எனினும், எண் சரியானதென்பதால் ஆளும் சரியென்றாகிவிடாது. பெயரையும் பிறந்த திகதியையும் மத்திய பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் அவசியமாகும். இச்சோதனைகளில் உண்மையான நோயாளிகளின் விபரங்கள் பயன்படுத்தப்படுவதில்லை. 999 என்று தொடங்கும் எண்கள் எவருக்கும் வழங்கப்படாமற் சோதனைக்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்டுள்ளன.

மூன்றாவது, சென்றடைந்தமைக்கு அத்தாட்சி. பதிவுத் தபாலுக்குக் கையொப்பம் பெறுவதுபோல, ஒவ்வொரு செய்திக்கும் பெற்றவரின் ஏற்புரை திரும்பி வருதல் வேண்டும். மெஷ் சேவையில் ஒரு செய்தியைப் பெறுநர் 5 நாட்களுக்குள் எடுத்துக்கொள்ளாவிடின், அது சேரவில்லை என்னும் அறிவித்தல் அனுப்பியவரின் பெட்டிக்கு வந்துவிடும். ஆனால், அந்த அறிவித்தலை ஒரு மனிதரின் கண்ணுக்குத் தெரியுமாறு செய்வது மூன்றாந் தரப்பினரின் மென்பொருளேயாகும். அம்மென்பொருள் அதனைப் பெற்றும் எவருக்கும் காட்டாது விட்டால், ஏற்பாடு முழுவதும் வீணாகும். ஆகையால், செய்தி நன்றாகச் செல்லும்போது மென்பொருள் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதைக் காட்டிலும், செய்தி தவறும்போது எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதையே தேர்ந்த சோதகர் கூர்ந்து நோக்குவர்.

நான்காவது, நோயாளியின் பாதுகாப்பு. இங்கிலாந்தில் 2012 ஆம் ஆண்டின் சுகாதார, சமூகப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் இதற்கென இரண்டு நியமங்கள் வெளியிடப்பட்டுள்ளன. ஒன்று மென்பொருளை ஆக்குவோருக்குரியது. மற்றையது அதனை வாங்கி உபயோகிக்கும் வைத்தியசாலைகளுக்குரியது. ஆக்குவோர், பதிவுபெற்ற வைத்தியரையோ தாதியையோ அல்லது அத்தகைய வேறொரு மருத்துவத் தொழிலரையோ பாதுகாப்புப் பொறுப்பாளராக நியமித்தல் வேண்டும். என்னென்ன அபாயங்கள் நேரக்கூடும், ஒவ்வொன்றும் எத்துணைக் கடுமையானது, எத்துணை நிகழத்தக்கது, அதனைத் தடுக்கச் செய்தது யாது என்பவற்றை ஓர் ஏட்டிற் பதிந்து வருதலும் அவர்கள் கடமையாகும். பொறியியலாளர் 'ஓடுகின்றதா?' என்று கேட்கும் இடத்தில், இப்பொறுப்பாளர் 'நோயாளிக்குத் தீங்கு விளைக்குமா?' என்று கேட்கிறார். இரு வினாக்களும் ஒன்றல்ல.

ஐந்தாவது, இரகசியமும் காவலும். 2017 ஆம் ஆண்டு மே 12 ஆந் திகதி 'வன்னகிறை' என்னும் தீங்குநிரல் உலகெங்கும் பரவியபோது, இங்கிலாந்தின் வைத்தியசாலைகள் பலவற்றின் கணினிகள் முடங்கின. நோயாளிகளுக்குக் குறிக்கப்பட்டிருந்த ஆயிரக்கணக்கான சந்திப்புகள் கைவிடப்பட்டன. உரிய திருத்தங்கள் இடப்படாத கணினிகளே அத்தாக்குதலுக்கு இரையாயின. பொதுப் பாதையில் இணையும் ஒருவர் தமது கதவைத் திறந்து வைத்திருந்தால், அயலவர் வீட்டுக்கும் அது வழியாகும். ஆகவே, இணைய விரும்பும் நிறுவனங்கள் தரவுப் பாதுகாப்புப் பற்றிய மதிப்பீட்டை ஆண்டுதோறும் நிறைவேற்ற வேண்டும். கணினிகளும் இலத்திரனியற் சான்றிதழ்கள் மூலம் ஒன்றுக்கொன்று தம்மை மெய்ப்பித்த பின்னரே உரையாடத் தொடங்கும்.

இத்துணைத் தடைகளையும் தாண்டுவது எளிதன்று. பெரிய நிறுவனத்துக்கு அது செலவு. ஐந்தாறு பேர் கூடி நடத்தும் சிறிய நிறுவனத்துக்கோ அது வாழ்வா சாவா என்னும் பிரச்சினை. அங்கீகாரம் கிடைக்கும் வரை வருவாய் இல்லை. வேலையாட்களுக்கோ மாதந்தோறும் சம்பளம் கொடுத்தாக வேண்டும். இதன் விளைவாக நல்ல கருத்துடைய சிறியோர் விலகிவிட, ஏற்கெனவே உள்ளே இருக்கும் பெரியோரே நிலைபெற்று விடுகின்றனர். இங்கிலாந்திற் குடும்ப வைத்தியர்களுள் மிகப் பெரும்பாலானோர் இரண்டே நிறுவனங்களின் மென்பொருள்களை நம்பியிருக்கும் நிலை நெடுங்காலமாக இருந்து வந்தது. போட்டி குறைந்தால் விலை ஏறும், திருத்தம் தாமதிக்கும். ஆகவே, சோதனை கடுமையாயினும் நோயாளிக்குக் கேடு, தளர்ந்தாலும் நோயாளிக்குக் கேடு என்னும் இக்கட்டு இங்கே தோன்றுகிறது.

இவ்விக்கட்டை டென்மார்க் தேசம் கையாண்ட முறை கவனிக்கத்தக்கது. அங்கே 1994 ஆம் ஆண்டு 'மெட்கொம்' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. ஓடென்சே நகரிலிருந்து அது இயங்குகிறது. நியமம் ஒன்றாயிருந்தும், அதனை ஒவ்வொரு நிறுவனமும் தத்தம் விருப்பப்படி பொருள்கொண்டால் மீண்டும் குழப்பமே மிஞ்சும் என்பதை அவர்கள் அநுபவத்தால் உணர்ந்தனர். ஆதலின், 'நல்ல விடுகைக் கடிதம்' என்பது போன்ற தலைப்புகளில், செய்தியின் ஒவ்வொரு பகுதியும் எவ்வாறு அமைய வேண்டுமெனத் தெளிவான உதாரணங்களோடு கைந்நூல்களை வெளியிட்டனர். மென்பொருள் ஆக்குவோர் முதலிலே தாமாகவே சோதித்துக் கொள்கின்றனர். பின்னர் மெட்கொம் உத்தியோகத்தர் முன்னிலையிற் சோதனை நடைபெறுகிறது. தேறியவற்றுக்கு அத்தாட்சி வழங்கப்படுகிறது. வினாத்தாள் முன்கூட்டியே வெளியாகிவிடுவதால் இரகசியம் ஏதுமில்லை. இவ்வாறமைந்த சோதனை கடுமையாயிருந்தும் சிறியோரை அஞ்சவைப்பதில்லை.

வேறொரு முறையும் உண்டு. 1999 ஆம் ஆண்டு முதல் 'ஐ.எச்.ஈ.' என்னும் அமைப்பு நடத்திவரும் கூட்டங்களில், பல நிறுவனங்களின் பொறியியலாளர்கள் தத்தம் மென்பொருள்களோடு கூடி, போட்டியாளரின் மென்பொருளோடு தமதை இணைத்துப் பார்க்கின்றனர். சந்தையில் எதிரெதிரே நிற்போர் இங்கே ஒருவர் பிழையை மற்றவர் கண்டு சொல்கின்றனர். தனியே ஓடும்போது தோன்றாத குறைகள், மற்றொன்றோடு சேர்த்து ஓட்டும்போது வெளிப்பட்டுவிடுகின்றன.

அங்கீகாரத்தின் எல்லையையும் உணர்ந்திருத்தல் வேண்டும். அது ஒரு மென்பொருளின் குறிப்பிட்ட பதிப்புக்கு, குறிப்பிட்ட நாளில் வழங்கப்பட்டது. அடுத்த மாதம் அம்மென்பொருளிற் செய்யப்படும் சிறு மாற்றம், முன்னே தேறிய ஒன்றைப் பின்னே தவறச் செய்யலாம். ஆகையால், முக்கியமான மாற்றங்கள் நிகழுந்தோறும் மறுசோதனை வேண்டும். தவறு கண்டவிடத்து இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரமும் வேண்டும். சோதிக்கும் அமைப்புகளும் என்றும் ஒருபடித்தாய் இருப்பதில்லை. இங்கிலாந்தில் இப்பணியை ஆற்றிவந்த அமைப்பு 2023 ஆம் ஆண்டு என்.எச்.எஸ். இங்கிலாந்துடன் இணைக்கப்பட்டது, அதனையும் சுகாதாரத் திணைக்களத்தினுள் அடக்கப்போவதாக 2025 ஆம் ஆண்டு அரசாங்கம் அறிவித்தது. பெயர்ப்பலகை மாறினும் பொறுப்பு யாரிடம் உள்ளது என்பது ஒரு நாளேனும் ஐயத்துக்கு இடமாகலாகாது.

மேலும், கணினியினுள்ளே தேங்கிக் கிடந்த அந்த 24,000 கடிதங்களை எந்த இணைப்புச் சோதனையும் கண்டிராது. அவை பாதையை அடையவேயில்லை. வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டன. மென்பொருளை ஆக்குவோருக்கு ஒரு நியமமும் உபயோகிப்போருக்கு மற்றொரு நியமமும் வகுக்கப்பட்டதன் நுட்பம் இங்கேதான் விளங்கும். அனுப்பியவர் 'போயிற்று' என்று இருந்துவிடாமற் சேர்ந்ததா என்று கேட்கவும், பெறுபவர் 'வரவில்லையே' என்று வினவவும் பழகியிருத்தல் வேண்டும். அப்பழக்கம் உள்ள இடத்தில் அத்தாட்சிப் பத்திரம் துணைநிற்கும். அது இல்லாத இடத்திற் பத்திரம் சுவரில் தொங்கிக்கொண்டிருக்க, நோயாளி கடிதத்துக்காகக் காத்திருப்பார்.