மடியில் இருந்தும் இறங்காத பால்

பிண்ணாக்கையும் தவிட்டையும் கூட்டிப் போட்டால் பாலும் கூடும் என்று நம்புகிறோம். அது பாதி உண்மைதான். பால் ஊறுவது ஒரு வேலை. ஊறிய பால் காம்புக்கு இறங்குவது வேறொரு வேலை. முதலாவதற்குத் தீவனம் போதும். இரண்டாவதற்கு மாட்டின் இசைவும் வேண்டும்.

கன்று ஈன்றதும் பால் சுரப்பு முழுவீச்சில் தொடங்குகிறது. மாடு தின்ற புல்லையும் வைக்கோலையும் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் நொதிக்க வைத்து அமிலங்களாக்குகின்றன. அசிட்டிக் அமிலத்திலிருந்து பால் கொழுப்பு உருவாகிறது. புரொப்பியோனிக் அமிலத்தைக் கல்லீரல் குளுக்கோஸாக மாற்ற, மடி அதிலிருந்து லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரையைச் செய்கிறது. அந்தச் சர்க்கரை எவ்வளவு நீரை இழுக்கிறதோ அவ்வளவுதான் பாலின் அளவு. பாலில் ஏறக்குறைய 87 சதவீதம் நீர். ஒரு லிட்டர் பால் ஊறச் சுமார் 400 முதல் 500 லிட்டர் ரத்தம் மடி வழியே ஓட வேண்டும். பசுந்தீவனமும் தண்ணீரும் குறைந்தால் பிண்ணாக்கு மட்டும் அதை ஈடுகட்டாது.

ஊறிய பாலின் பெரும்பகுதி மடிக்குள் உள்ள நுண்ணறைகளிலேயே தங்கும். கன்று முட்டும்போதும், மடியைக் கழுவி நீவும்போதும் அந்தத் தொடுவுணர்வு மூளையை எட்டி, ஆக்ஸிடாசின் என்னும் ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது. ஒரு நிமிடம் போல் கழித்து நுண்ணறைகள் இறுகிப் பாலைத் தள்ளுகின்றன. இந்த விசை சில நிமிடமே நிற்கும் என்பதால்தான் ஏழெட்டு நிமிடத்துக்குள் கறந்து முடிக்கச் சொல்கிறார்கள். மாடு மிரண்டால் அட்ரினலின் சுரந்து இதைத் தடுத்துவிடும். கன்று செத்தால் அதன் தோலில் வைக்கோல் அடைத்து நிறுத்திக் கறந்த பழைய வழக்கமும், பால் இறங்குவதில் மூளைக்குள்ள பங்கையே காட்டுகிறது.

கன்றே இல்லாமல் கலப்பின மாடுகள் கறக்கவில்லையா என்று கேட்கலாம். கறக்கின்றன, மடி கழுவுவதும் வாளிச் சத்தமுமே அவற்றுக்குப் பழகிய அடையாளங்களாகிவிட்டன. நாட்டு மாடுகளுக்குக் கன்றின் தேவை அதிகம். ஆக்ஸிடாசின் ஊசி போட்டால் பால் கூடுகிறதே என்பது இன்னொரு வாதம். ஊசி பெரும்பாலும் மடியில் மிஞ்சியிருந்ததை இறக்குகிறது. தீவனம் செய்ய வேண்டிய வேலையை அது செய்யாது. தொடர்ந்து போட்டால் ஊசியின்றிப் பால் இறங்காத நிலையும் வரும். ஆகவே நேரம் தவறாமல், அதட்டாமல், மடியை நன்கு நீவிவிட்டுக் கறப்பது இரக்கம் மட்டுமல்ல, வரவு செலவுக் கணக்கும்கூட.