எண்ணுள் உறையும் பெயர்

திருவெள்ளறையில் சுவத்திக வடிவில் அமைந்த கிணற்றைக் காணச் செல்வோர் அதன் கல்வெட்டையும் காண்பர். பல்லவன் தந்திவர்மனின் 4ஆம் ஆட்சியாண்டில் தொடங்கி 5ஆம் ஆண்டில் அதனை முடித்தவன் ஆலம்பாக்கத்துக் கம்பன் அரையன் என்று அது கூறும். இன்னாருக்கு இளையவன் என்பதையும் விடாது சொல்லும். ஊர், பெயர், உறவு, ஆண்டு யாவும் வெளிப்படை. அவ்வூர் வழியே துறையூர் செல்லும் வண்டியோட்டியின் சட்டைப்பையிலும் ஒரு பொறிப்பு உண்டு. அதுவே ஓட்டுநர் உரிம எண்.

அவ்வெண் 'டி.என். 48' எனத் தொடங்கினால் ஸ்ரீரங்கம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வழங்கியது என்று கொள்க. 45 எனில் திருச்சிராப்பள்ளி மேற்கு. அடுத்த நான்கு இலக்கங்கள் ஆண்டு. எஞ்சிய ஏழும் வரிசை எண். இதில் பெயரும் இல்லை, பிறந்த நாளும் இல்லை. ஆயினும் ஆண்டு 2000 என்றிருப்பின், உடையவர் நாற்பதைக் கடந்தவர் என்பதை மறைக்க வழியில்லை!

பிரித்தானியாவிலோ எண்ணே ஆளைக் காட்டிவிடும். குடும்பப்பெயரின் முதல் ஐந்து ஆங்கில எழுத்துகள் முன்னிற்கும். 'அலி' என்பதற்கு ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துகள். ஆகவே குறையும் ஈரிடங்களை 9, 9 என நிரப்புவர். தொடர்வது பிறந்த நாள். 1975 அக்டோபர் 14இல் பிறந்த ஆடவர்க்கு 710145. அதே நாளில் பிறந்த பெண்ணுக்கு 760145. மாதத்தின் முதல் இலக்கத்தோடு 5 கூட்டினால் அது பெண்பால். அங்கு வாழும் நம் உறவினர் எண்ணை மட்டும் பிறரிடம் சொன்னாலும் தம் வயதையும் சொன்னவராவர்.

அமெரிக்காவின் இல்லினாய், விசுகான்சின் மாநிலங்களில் பெயர் ஒலிவழி எண்ணாகிறது. 1918இல் இராபர்ட் ரசல் காப்புரிமை பெற்ற 'சவுண்டெக்சு' என்னும் முறை அது. முதலெழுத்தை நிறுத்தி, உயிரொலிகளை நீக்கி, மெய்களை இனம் பிரித்து எண்ணிடுவர்: டகர தகர ஒலிகளுக்கு 3, லகரத்துக்கு 4, மகர னகரங்களுக்கு 5. யாப்பில் மெல்லின எதுகை கொள்ளும் நமக்கு இஃது அயலன்று.

நம் வீடுகளில் மைதீன், மொகிதீன், முகையதீன் என்று ஒரே பெயரை ஆங்கிலத்தில் பலவாறு எழுதுகிறோம். பள்ளிச் சான்றிதழில் ஒன்று, கடவுச்சீட்டில் மற்றொன்று. இருவரும் ஒருவரே என மெய்ப்பிக்க உறுதிமொழிப் பத்திரத்தோடு அலுவலக வாயிலில் நம்மவர் எத்துணைப் பேர் நின்றிருப்பர்! அம்முறையிலோ மூன்றுக்கும் குறியீடு ஒன்றே: எம் 350.