முதல் முக்கு கடுக்காயில்

சேர்வராயன் மலையில் கடுக்காய் என்றால் இன்று நாட்டுமருந்துக் கடைச் சரக்கு. நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அது சாயச் சரக்கும்கூட. மலையாளிப் பழங்குடி மக்கள் காட்டில் பொறுக்கிய காய் கீழே இறங்கி, தோல் பதனிடும் தொட்டிக்கும் சாயக்காரர் அண்டாவுக்கும் போனது. சென்னை மாகாணத்துக் கடுக்காய் இங்கிலாந்துக்கும் கப்பலேறியது.

நிறத்துக்காக மட்டும் அதை வாங்கவில்லை. பருத்தி நூல் சாயத்தை லேசில் வாங்காது. கடுக்காயின் துவர்ப்பு ஏறினால் படிகாரம் ஒட்டும். படிகாரம் ஒட்டினால் சாயவேரின் சிவப்பு நிற்கும். கடுக்காய் ஏறிய துணியை இரும்புத் துருநீரில் முக்கினால் கறுப்பு.

1856இல் வேதியியலாளர் பெர்கின் கரித்தாரிலிருந்து ஊதாச் சாயம் எடுத்தார். 1897இல் ஜெர்மனியின் செயற்கை அவுரி சந்தைக்கு வந்தது. பிறகு பொட்டலச் சாயத்தின் காலம். இந்த மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலத்தைக் கடக்கும்போது சாயப்பட்டறைக் கழிவையும் சுமந்தது.

இன்று இதே மலையின் கரடியூரைச் சுற்றிக் காப்பித் தோட்டங்கள். 1820களில் கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டில் தொடங்கிய பயிர். பழத்தின் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் தோலும் சதையுமாகக் கழிகிறது; ஓடையில் கலந்தால் தண்ணீர் கெடும். அந்தத் தோலை வேகவைத்தால் மங்கிய பழுப்புச் சாயம் தரும். எனக்குப் பிடித்தது பட்டர் புரூட் கொட்டை: கொதிக்கக் கொதிக்க இளஞ்சிவப்பு இறங்கும். தன்னிடமே துவர்ப்பு இருப்பதால் கடுக்காய் கேட்காது. வெங்காயச் சருகின் மஞ்சளுக்குப் பருத்தியில் கடுக்காயும் படிகாரமும் வேண்டும். பீட்ரூட்டை மட்டும் நம்பாதீர்கள். காணொளியில் ஜொலிக்கும், துவைத்தால் போய்விடும்.

இந்தக் கழிவுச் சாயங்களை வைத்துச் சேலத்துத் தறிகளுக்குச் சாயம் போட முடியாது. ஒரு கிலோ துணிக்கு நல்ல நிறம் வேண்டுமென்றால் கிட்டத்தட்ட ஒரு கிலோ காய்ந்த சருகு தேவை. கைக்குட்டை, துண்டு, சின்னக் கைத்தொழில் அளவுக்கு எடுபடும்.

வீட்டில் செய்து பார்ப்பவர்கள் துணி எடையில் ஐந்தில் ஒரு பங்கு கடுக்காய்த் தூளைத் தண்ணீரில் கரைத்து, துணியை ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் படிகார நீரில் முக்குங்கள். நிறம் கெட்டியாக இருக்குமென்று மயில்துத்தம் சேர்க்கச் சொல்வார்கள். சேர்க்காதீர்கள், அதிலுள்ள செம்பும் கழிவுநீரோடு ஆற்றுக்குத்தான் போகும்.