வால்வு வாய் திறந்தால்...

வெளியே ஒழுகும் வால்வைக் கண்ணே காட்டிக் கொடுத்துவிடும். இறுக்கி மூடிய பிறகும் உள்ளுக்குள்ளேயே கசிந்தால்?

பண்பொழிப் பக்கம் குடிநீர்க் குழாய் வேலை பார்க்கும் அண்ணாச்சி யாரையாவது கேளுங்கள். ஸ்குரூ டிரைவர் முனையை வால்வில் ஊன்றி, பிடியில் காதை வைப்பார். ''உஸ்ஸுங்குது தம்பி... வால்வு பாஸ் ஆகுதுல்லா!''

சின்ன இடுக்கில் அழுத்தத்தோடு பாயும் தண்ணீரின் கூச்சல் அது. பெரிய ஆலைகளில் காதுக்குப் பதில் சென்சார். நம் காது 20,000 ஹெர்ட்ஸோடு சரி. சென்சார் அதற்கு மேலேயும் கேட்கும். வால்வுக்கு முன்னே, வால்வு மேலே, பின்னே என்று வைத்துப் பார்ப்பார்கள். வால்வு மேலே மட்டும் சத்தம் தூக்கலா? கசிவுதான்!

அலட்சியப்படுத்த முடியாத விஷயம் இது. 1979 மார்ச் 28. அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கன்ட்ரோல் ரூம் விளக்கு அணைந்ததால், மூடியாச்சு என்று நம்பினார்கள். 'மூடு' என்ற உத்தரவு போனது மட்டும்தான் விளக்குக்குத் தெரியும்! இரண்டு மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் வெளியேறி, உலை எரிபொருளில் ஏறக்குறைய பாதி உருகிப் போச்சு. அப்புறம்தான் பல அணுமின் நிலையங்களில் அந்த மாதிரி வால்வுகளுக்கு ஒலி சென்சார் மாட்டினார்கள்.

நம்ம ஆபீஸிலும் 'ஆர்டர் போட்டாச்சு சார்' என்பார்கள். வேலை நடந்ததா? அண்ணாச்சி மாதிரி காதை வைத்துப் பார்த்தால்தான் தெரியும்!